துண்டறிக்கையின் பதினோராம் எண்ணிலிருந்து எங்களை நீக்கக் கோரி

அனுப்புநர்
நான்காம் பலகைக்காரி,
நகராட்சி மீன் வெட்டும் கூடம்,
படகுத்துறைச் சாலை.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: "காசில்லாமல் ஒரு நாள்: குழந்தைகளோடு நம் கடற்கரை நகரில்" என்னும் தங்கள் துண்டறிக்கையின் பதினோராம் எண்ணிலிருந்து எங்களை நீக்கவும், அதன் புதிய பதிப்பின் அட்டையிலிருந்து என் படத்தை எடுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி துண்டறிக்கை. 2. தங்கள் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை நேரில் வந்து சொன்னதும், மூன்று முறையும் "எழுதிக் குடும்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எழுதிக் கொடுக்கச் சொன்னதால் எழுதுகிறேன். எண் போட்டு எழுதினால்தான் மேலே படிப்பார்கள் என்று தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் சொன்னார். அவர் எழுதினால் என் கோபம் பாதியாகக் குறைந்துவிடும் என்று தோன்றியதால் எண்ணை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு மீதியை நானே எழுதியிருக்கிறேன்.

1. நான் மேற்படி கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆறு சிமெண்ட் பலகைகள், ஆறு பெண்கள். வாங்கிய மீனைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குச் செதில் உரசி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, கேட்ட அளவில் துண்டு போட்டுத் தருகிறோம். யார் எந்தப் பலகையில் நிற்கிறார்களோ அதுவே அவர்களுக்குப் பெயர். மூத்தவரான முதல் பலகைக்காரரை 'ஒண்ணக்கா' என்போம். நான் நாலு. மீன் குடலைப் பார்த்து எனக்கு எந்த அருவருப்பும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மனுவில் அருவருப்பு என்று நான் எழுதும் இடங்களில் மீனைப் பற்றி எழுதவில்லை.

2. தங்கள் துண்டறிக்கை வந்து எட்டு மாதம் ஆகிறது. நீல நிறம், வழவழப்பான தாள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு செலவில்லாமல் போகக்கூடிய பதினைந்து இடங்கள். மணல்திட்டில் வீடு கட்டுதல், சிப்பி பொறுக்குதல், அலைத்தடுப்புக் கற்களுக்கு நடுவே நண்டு தேடுதல், கலங்கரை விளக்கின் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுதல். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். அச்சாவதற்கு முன்பே நானும் என் மகளும் அவற்றில் ஒன்பதைச் செய்து முடித்தவர்கள். எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அவள் பள்ளி விட்டதும் புத்தகப்பையோடு நேராகக் கடலுக்குப் போய், சீருடை முழுக்க மணலாக்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவோம். கையில் காசில்லாதவர்களுக்கு எது இலவசம் என்று யாரும் அச்சடித்துத் தர வேண்டியதில்லை.

அதில் பத்தாம் எண், கரையில் ஒதுங்கி உடைந்து கிடக்கும் பழைய இழுவைப் படகு. பன்னிரண்டாம் எண், கூழைக்கடாப் பறவைகள். இரண்டுக்கும் நடுவில் நாங்கள். அதை அப்படியே தருகிறேன்: "மீன் வெட்டும் பெண்கள். வெகு அருகில் நின்று பார்க்கலாம். இவர்களது கைவேகமும் வேடிக்கைப் பேச்சும் குழந்தைகளைக் கவரும். படம் எடுக்கத் தடையில்லை. கட்டணம் இல்லை. மூக்கை மூடக் கைக்குட்டை எடுத்துச் செல்வது நல்லது."

3. இதில் எங்கள் பங்கும் உண்டு. மறைக்க விரும்பவில்லை. துண்டறிக்கைக்கு முன்பு ஒரு நாள் காலை, வெள்ளைச் சட்டையும் குறிப்பேடுமாக ஒருவர் கூடத்துக்கு வந்தார். சுகாதார ஆய்வாளர் என்று நினைத்துவிட்டோம். ஆய்வாளர் முகம் சுளித்தால் கூடத்தை மூன்று நாள் பூட்டிவிடுவார்கள். வந்தவர் கூடவே தன் சின்னப் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். ஆய்வுக்கு வருபவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவாரா என்று யோசிக்கும் புத்தி ஆறு பேரில் ஒருத்திக்கும் இல்லை. நம் கண்ணில் மண்ணைத் தூவத்தான் குழந்தையோடு வந்திருக்கிறார் என்று ஒண்ணக்கா கண் ஜாடை வேறு காட்டினார்.

குடல் வாளிகளைப் பின்னால் தள்ளினோம். புது ரப்பர் அங்கிகளைக் கட்டிக்கொண்டோம். வழக்கமாக வாயைத் திறந்தால் சண்டைதான் வரும் எங்களுக்கு, அன்று தேன் ஒழுகியது. "இங்க வர்ற பிள்ளைங்க வீட்டுக்குப் போகவே மாட்டேங்குதுங்க சார்" என்று ஒண்ணக்கா அளந்துவிட்டார். மீனின் காற்றுப்பையை அந்தக் குழந்தையின் செருப்புக்கு அடியில் வைத்து, "மிதி கண்ணு" என்று சொல்லிப் பட்டென்று வெடிக்க வைத்தவள் நான். குழந்தை குதித்துக் குதித்துச் சிரித்தாள். அவர் "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கே" என்று எழுதிக்கொண்டு போனார். ஆய்வில் தேறிவிட்டோம் என்று ஆளுக்கொரு தேநீர் வாங்கிக் குடித்தோம். அவர் தங்கள் சுற்றுலாப் பிரிவு எழுத்தர் என்பது துண்டறிக்கை வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். ஆனால், உங்களைப் பார்க்கக் கூட்டம் அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டிருக்கலாம். கூழைக்கடாவிடம் கேட்க முடியாது. எங்களுக்கு வாய் இருக்கிறது.

4. அதன் பிறகு வந்தார்கள் ஐயா. சனி, ஞாயிறுகளில் மீன் கொண்டுவருபவர் நுழைய வழியில்லை. ஐஸ் குச்சியை நக்கிக்கொண்டு நின்று பார்ப்பார்கள். நக்கி முடித்த குச்சியை எங்கள் வாளியில் போடுவார்கள். மீன் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். கை வழுக்கினால் இன்னொரு முறை செய்யச் சொல்வார்கள். ஒருவர் தன் பையனைத் தோளில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, எனக்கு இரண்டடி தூரத்தில் நின்று, "பாத்தியா? ஒழுங்கா படிக்கலேன்னா இதான் கதி" என்றார். எனக்குக் காது கேட்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அதற்குப் பிறகு அதே வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். துண்டறிக்கையிலேயே அச்சடித்துவிட்டால் அவர்களுக்கு வாய் வலிக்காது. மூன்றாம் பலகைக்காரி பட்டம் வாங்கியவள். அதைச் சொன்னால் இன்னும் அதிகமாக வேடிக்கை பார்ப்பார்கள் என்று அவள் சொல்வதில்லை.

5. நான்கு மாதங்களுக்கு முன்பு, ஐந்தாம் பலகைக்காரி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், ஒரு தம்பதி தங்கள் கைக்குழந்தையை அவள் பலகையில் கிடத்தி டயப்பர் மாற்றினார்கள். கழற்றிய டயப்பரைச் சுருட்டி, மீன் தலைகள் இருந்த வாளிக்குள் போட்டார்கள். குப்பை என்று நினைத்தார்களாம். அது ஒரு வீட்டின் மதியச் சாப்பாடு. நான் கத்தினேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே நாறிப்போன எடம்தானே, இதுல என்ன?" என்றார். பிறகு பலகையிலிருந்த ஒரே ஒரு செதில் தன் குழந்தையின் காலில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து, சீ சீ என்று சொல்லிக்கொண்டே மூன்று ஈரத்தாள்களால் அதைத் துடைத்து எடுத்தார்.

பதினான்கு வருடம் குடலுக்குள் கைவிட்டு வேலை செய்தவள் நான். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகையைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்ததும், தலைகளைக் கொட்டியதும், அவற்றுக்கு உரியவரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதும் நாங்கள். சுத்தமானவர்கள் அதற்குள் பன்னிரண்டாம் எண்ணைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

6. மறுநாளே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பலனே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் இரண்டு ஆட்கள் வந்து எங்களுக்கு முன்னால் கயிறு கட்டி, அதில் ஓர் அறிவிப்பு அட்டையையும் மாட்டிவிட்டுப் போனார்கள். பறவைகளுக்காகச் செய்ததில் ஒன்று மிச்சம் இருந்ததாம். "கயிற்றைத் தாண்டாதீர். சீண்டாதீர். உணவு அளிக்காதீர்." அன்று மாலைக்குள் என் பலகையில் இரண்டு பிஸ்கட்டுகள் வந்து விழுந்தன. எறிந்த பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அட்டையை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்த பெரியவர்களைப் பார்த்துத்தான் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அட்டையை அகற்றச் சொல்லி இரண்டாம் முறை வந்தபோது, "அதை மாட்டச் சொன்னவருக்கு மாற்றல் ஆயிடுச்சும்மா, எங்களால கை வைக்க முடியாது" என்றார்கள். இன்றும் தொங்குகிறது.

7. இவ்வளவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பேன். இனி எழுதப்போவதற்காகத்தான் இந்த மனு.

என் மகளுக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. முன்பெல்லாம் திங்கள் தவிர மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் கூடத்துக்குத்தான் வருவாள். கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வயிற்றை அழுத்தாமலே எந்த மீனில் சினை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆறு பேருக்கும் அவள் செல்லம். துண்டறிக்கை வந்த இரண்டாம் மாதம், அவள் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பா அம்மாவோடு எங்களைப் பார்க்க வந்தாள். என் மகள் கூடையிலிருந்து இறங்கி, கூடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பென்சில் விழுந்துவிட்டது, தேடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவள் கூடத்துக்கு வரவில்லை. "வெயில்ல தலை வலிக்குதும்மா" என்றாள். நானும் நம்பித் தைலம் தடவிவிட்டேன்.

8. சென்ற மாதம் பள்ளியில் நாலாம் வகுப்பை வெளியே அழைத்துப் போனார்கள். நடந்தே போகக்கூடிய, செலவே இல்லாத இடமாகத் தேடியதில் தங்கள் துண்டறிக்கை கிடைத்திருக்கிறது. பத்தை முடித்துக்கொண்டு பதினொன்றுக்கு வந்தார்கள். நாற்பது பிள்ளைகள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி, கயிற்றுக்கு அந்தப் பக்கம். ஆசிரியை நல்லவர்தான். "மூக்கைப் பிடிச்சுக்கோங்க பிள்ளைங்களா, ஆனா கண்ணை நல்லா தொறந்து பாருங்க" என்றார். நாற்பது பேரும் மூக்கைப் பிடித்தார்கள். இரண்டாம் வரிசையில் என் மகளும் பிடித்தாள்.

ஆசிரியைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்துக்குக் குளித்து, நல்ல உடை உடுத்திக்கொண்டு போகிறவளைத்தான் அவருக்குத் தெரியும். தலையில் துணியும் கன்னத்தில் செதிலுமாக நிற்பவளைத் தெரியாது. என் மகள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. ஒண்ணக்கா வாயெடுத்தார், காலை மிதித்து அடக்கினேன். தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த மீனை வெட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றுக்கும் உதவாத அளவுக்குப் பொடிப் பொடியாக வெட்டி, கொண்டுவந்தவரிடம் திட்டு வாங்கினேன்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரு நொடி என் மகளைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளுக்கு வயது ஒன்பது. காலையில் நான் பின்னிவிட்ட சடையோடு, நான் துவைத்துப்போட்ட சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாதமாக எத்தனையோ பேர் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்கள், போகட்டும். பெற்ற பிள்ளையை நான் அப்படிப் பார்த்துவிட்டேனே, அதற்குத் தங்கள் அலுவலகத்தில் எந்தப் பிரிவில் மனு கொடுப்பது?

9. மறுவாரம் அவள் பையில் சாப்பாட்டு டப்பாவை வைக்கும்போது ஒரு பயிற்சித்தாளைப் பார்த்தேன். "இன்று நான் கண்டவை" என்று தலைப்பு. கீழே பெற்றோர் கையொப்பம் இருந்தது. என்னிடம் காட்டவில்லை. அவள் அப்பாவிடம் வாங்கியிருக்கிறாள். அவர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர். என்ன ஓசை கேட்டது என்பதற்கு "சரக் சரக்" என்று எழுதியிருந்தாள். என்ன மணம் என்பதற்கு "நாற்றம்". கடைசியில், நீ பார்த்த ஒருவரைப் பற்றி மூன்று வரிகள் எழுது என்று இருந்தது. அவள் எழுதியது: "நாலாவது பலகையில் ஒரு ஆன்ட்டி இருந்தார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்தான் எல்லாரையும்விட வேகமாக வெட்டினார்."

ஆசிரியை பக்கத்தில் "நன்று" என்று எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

நடுவில் இருக்கும் வரியைப் படித்து என் வயிறு எரிந்தது. மூன்றாம் வரியைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஆறு பேர் நிற்கிறோம். அவள் நாலாவதைத்தான் எழுதியிருக்கிறாள்.

10. அதற்கடுத்த திங்கட்கிழமை மூன்றாம் முறையாகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருப்பவருக்குப் பின்னால், சுவரில், புதிய பதிப்பின் அட்டையைக் குத்தி வைத்திருந்தார்கள். அதில் இருப்பது நான். கையில் மீன் தலை, முகமெல்லாம் சிரிப்பு. போன கோடையில் ஒரு புகைப்படக்காரர் வந்து, "தலைத் துணியை எடுத்துட்டு கொஞ்சம் சிரிங்கக்கா, பிள்ளைங்க புத்தகத்துக்கு" என்றார். பாடப்புத்தகம் என்று நினைத்து, என் மகள் படிக்கும் புத்தகத்தில் வந்தாலும் வரலாம் என்று மனதாரச் சிரித்தேன். அதனால் யார் பார்த்தாலும் நான்தான் என்று தெரியும்படி படம் தெளிவாக விழுந்திருக்கிறது.

முகப்பில் இருப்பவர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பிள்ளைக்கு ஒண்ணுன்னு எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் லீவுக்கு முந்தின நாள் குடுக்கப் போறோம். இனி நீங்கதான்மா ஊருக்கே தெரிஞ்ச ஆளு" என்றார். விடுமுறைக்கு முந்தின நாள்தான் என் மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நாற்பது பிள்ளைகள் கையில் என் முகம் இருக்கும். நான் வகுப்பு வாசலில் நிற்பேன். "யார் என்று எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்து நட்சத்திரம் வாங்கியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் போகாமல் இருந்துவிடலாம் என்றால், இதுவரை ஒரு கூட்டத்துக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியை கேட்டால் அவள் இன்னொரு பொய் சொல்ல வேண்டும்.

11. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: பதினோராம் எண்ணை நீக்குங்கள். அந்த இடத்தில் வேறு எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். கடல் பெரியது, அதில் இலவசமாகப் பார்க்க ஏதாவது கிடைக்கும். கயிற்றையும் அட்டையையும் அவிழ்த்து, யாருக்கு எழுதியதோ அவற்றிடமே கொண்டுபோய் மாட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நாளாகும் என்றால் காத்திருக்கிறோம், பழகிவிட்டது. அட்டைப்படத்தை மட்டும் உடனே மாற்ற வேண்டும். வரும் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார்கள்.

ஒண்ணக்காவிடம் இந்த மனுவைப் படித்துக் காட்டினேன். "உண்மை வெளிய வரட்டும்டி, அப்பதான் அவளுக்குப் புத்தி வரும்" என்கிறார். வரட்டும். ஒரு நாள் அவளாக வாயைத் திறந்து, இவங்கதான் எங்கம்மா என்று சொல்லி வரட்டும். அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் நான் அந்தப் பலகையில்தான் நிற்கப்போகிறேன். நாற்பது பேர் சுற்றி நின்று பார்க்க, நடுவில் அவளை நிறுத்தி வைத்து வர வேண்டாம். வேடிக்கைப் பொருளாக நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவளுக்கு அது தெரிய வேண்டாம்.

ஒரு குழந்தை சொன்ன பொய்யைக் காப்பாற்றித் தரச் சொல்லி அரசு அலுவலகத்தில் மனு கொடுப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. தங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் வீட்டில் கேட்டுப் பார்த்தாவது புதன்கிழமைக்குள் ஆவன செய்யும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைக் கூடத்துக்கே அனுப்பவும். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்து எங்களுக்குப் படித்துக் காட்டுவது என் மகள்.

இடம்: மீன் வெட்டும் கூடம்
நாள்: வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறைக்குப் பதினாறு நாட்கள் முன்பு

இவ்வளவுக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும்,
நான்காம் பலகைக்காரி
(ஒப்பம்)

இணைப்பு: தங்கள் துண்டறிக்கை, ஒரு பிரதி. என் மகளின் பயிற்சித்தாளை இணைக்கவில்லை. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாதபடி, பையில் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.